கலங்கலாகத்தான் இருக்கும், சார்

எல்லாக் கடைக்காரர்களும் தெளிந்த சரக்கைக் காட்டி "சுத்தம்" என்று சொல்லி விற்பார்கள். கலங்கலைக் காட்டி அதே வார்த்தையைச் சொல்லி விற்பதுதான் எங்கள் பிழைப்பாக இருந்தது.

போன வருஷம் ஊர் திரும்பும்வரை துபாயில், தேராவில், உரிமம் பெற்ற ஓர் ஒயின் கடையில் வேலை பார்த்தேன். ஓட்டல்களுக்கும் நாங்கள்தான் சப்ளை. மேனேஜர் சாவியோ கோவாக்காரர். ஒருநாள் கடையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு அலமாரியைக் காட்டி, "இது உன் பொறுப்பு" என்றார். அதில் இருந்ததெல்லாம் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களின் ஒயின். செடிக்கு மருந்தடிக்க மாட்டார்கள். கையால் பறிப்பார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடாமல், பழத்தோலில் தானாக ஒட்டியிருக்கும் ஈஸ்டையே நம்பிப் புளிக்கவிடுவார்கள். கெடாமல் இருக்கக் கந்தகம் சேர்ப்பதில்லை, வடிகட்டுவதும் இல்லை. அப்படியே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நீராகாரம் மாதிரி இருக்கும். "என்ன இப்படி இருக்கு?" என்று கேட்ட எல்லாருக்கும் நான் சொன்ன பதில்தான் மேலே தலைப்பாக இருக்கிறது. நம்பாத வாடிக்கையாளர் முன்னால் சிரித்துக்கொண்டே நின்று தாடை வலித்தவர்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் எனக்குப் பங்காளிகள். இது அவர்களுக்கு.

ஜூஸ் கம்பெனி

சின்னமனூரில் என் வீட்டாரைப் பொறுத்தவரை நான் ஜூஸ் கம்பெனி சூப்பர்வைசர். "என்ன ஜூஸ் மாப்ளே?" என்று மாமனார் வீடியோ காலில் கேட்பார். "திராட்சைதான் மாமா." "நம்மூர்ல இல்லாத திராட்சையா? அதுக்கா அம்புட்டுத் தூரம் போய்க் கெடக்கீக?" நான் பொய் ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு தடவை, லீவில் போகிற ஆளிடம் கம்பெனி ஜூஸ் ரெண்டு பாட்டில் கொடுத்துவிடச் சொல்லி வீட்டில் கேட்டுவிட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் சிவப்பு திராட்சை ஜூஸ் வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வேன் டிரைவர் முத்துப்பாண்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பரமக்குடிப் பக்கத்து ஆள். அவன் ஊரில் சொல்லி வைத்திருப்பது மருந்து கம்பெனி. பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "ஒங்க பாடு பரவால்லண்ணே. எங்க பெரியப்பா முட்டிவலிக்கு எங்க கம்பெனி மருந்து கேட்டு உசுர எடுக்குறாரு. குடுத்தா வலி போயிரும்ணே. அப்பறம் மாசாமாசம் கேப்பாரே!"

தாழிக்குள்ளிருந்து ஒரு குரல்

நினோ ஜார்ஜியாவிலிருந்து வந்தாள். ரஷ்யாவுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஜார்ஜியா. சூட்கேஸில் ஸ்வெட்டர்களுக்குள் சுற்றிச் சாம்பிள் பாட்டில்கள் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் அவள் அண்ணன் லேவனுக்கும் சேர்த்து ஒரு சின்னத் தோட்டம். அங்கே ஒயின் செய்வது மண் தாழியில்தான். ஆள் இறங்கக்கூடிய தாழியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, மிதித்த திராட்சையைத் தோலும் கொட்டையுமாக உள்ளே விட்டு, வாயை மூடிக் குளிர்காலம் முழுக்க விட்டுவிடுவார்கள். வசந்தத்தில் திறக்கும்போது பச்சைத் திராட்சை தேன் நிறத்துக்கு வந்திருக்கும்.

காலியான தாழியை யாராவது உள்ளே இறங்கித்தான் தேய்த்துக் கழுவ வேண்டும். நினோதான் இறங்குவாள். உள்ளே தங்கிய காற்று ஆளை மயக்கிவிடும் என்பதால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தேய்ப்பாளாம். பக்கத்து வீட்டு மாடு, டிவி சீரியல், கல்யாணச் சண்டை, எதுவானாலும் சரி. லேவன் தாழியின் வாயருகே கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பான். குரல் நின்றால் இழுத்துவிடுவான். அந்த லேவன்தான் இப்போது தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறானாம். வாங்க வந்திருக்கும் பெரிய கம்பெனி, பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு, மெஷின் போக வரிசை கட்டி நடப்போகிறது. துபாய்க்காரர்கள் இரண்டாவது ஆர்டர் கொடுத்தால் விற்கவே மாட்டேன் என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். கொடுக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

சாவியோ ருசி பார்த்தார், கண்ணை மூடினார், சின்ன ஆர்டர் ஒன்று போட்டார். "வருஷக் கடைசிக்குள்ள இது போகணும். போகலேன்னா அடுத்த ஆர்டர் கிடையாது, கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்துவிட்டார். நினோ என் பக்கம் திரும்பினாள். "அப்படியானால் நீங்களும் பேசிக்கொண்டே இருங்கள். இங்கே உங்கள் பேச்சு நின்றால், அங்கே என் அண்ணன் கயிற்றை இழுத்துவிடுவான்."

வேளச்சேரி சார்

நினோவின் சரக்கு வந்து சேரும்வரை, அலமாரியில் இருந்த மற்ற ஒயின்களை வைத்து நானும் வாய் ஓயாமல் பேசினேன். என்னை அதிகம் பேசவைத்தவர், துபாயில் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த சென்னைக்காரர். சொந்த வீடு வேளச்சேரியில். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, "அடியில மண்டி நிக்குதே, எக்ஸ்பயரி ஆயிடுச்சா?" என்றார்.

"கலங்கலாகத்தான் இருக்கும், சார். வடிகட்டாதது."

"ஆர்கானிக்னா சுகர் ஏறாதில்ல?"

"ஒயின் ஒயின்தான் சார். அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

"காலைல தலைவலி வராதுன்னாங்களே?"

"அது ராத்திரி எவ்வளவுன்றதப் பொறுத்தது சார்."

"அப்ப இதுல என்னதான் சார் ஸ்பெஷல்?" என்று நொந்துபோய்க் கேட்டார். அந்த ஒயின் வந்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கொடிகளுக்கு நடுவே புல்லையும் பயறையும் வளரவிட்டிருப்பார்கள், பூச்சியைத் தின்னப் பறவை வரும், வந்த பறவை பழத்தையும் கொஞ்சம் தின்னும், அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. கேட்டுக்கொண்டே ஒரு பாட்டில் வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்தவர் முகம் சரியில்லை. "என்ன சார், பிடிக்கலையா?" என்றேன். "ஒயின் ஓகே சார். ஆர்கானிக்னு சொல்லி வீட்டுக்குள்ள கொண்டு போனேன். 'வாராவாரம் நான் ஆர்கானிக் பாகற்காயும்தான் வாங்கறேன், அதைத் தொட்டீங்களா?'ன்னு கேக்கறா. இப்ப தினமும் பாகற்காய் சார்!"

வேன் போட்ட வெடி

சில தோட்டக்காரர்கள் புளிப்பது முடிவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்து, சோடா மூடி போட்டுவிடுவார்கள். மிச்சம் பாட்டிலுக்குள்ளேயே புளித்து நுரை கட்டும். குளிரிலேயே வைத்திருந்தால் சாது. ஜூன் மாதம், பட்டப்பகலில், ஓர் ஓட்டலுக்கு இத்தாலியத் தோட்டம் ஒன்றின் நுரை ஒயினை முத்துப்பாண்டி ஏற்றிக்கொண்டு போகையில் வேனின் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. முன்னால் டிராபிக். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். டயர் என்று நினைத்து இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்திருக்கிறான். ஏறி உட்கார்ந்ததும் மறுபடி 'டம்', 'டம்'. கொஞ்ச நேரத்தில் பின்கதவுக்கு அடியிலிருந்து நுரை பொங்கி ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது.

போலீஸ் வந்தது. உரிமம், ஓட்டல் ஆர்டர் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் வண்டியும் இவன் சட்டையும் சேர்ந்து மணக்கிற மணத்துக்கு என்ன சொல்வது? ஊதச் சொன்னார்கள். முத்துப்பாண்டி வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஊதினான், ஒன்றும் காட்டவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். அதற்குள் நான் டாக்ஸியில் போய்ச் சேர்ந்தேன். இரண்டு கையையும் கூப்பியபடி, தனக்குத் தெரிந்த இந்தியில் அவன் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "சாப், காடி பியா! மை நஹி பியா!" வண்டிதான் குடித்திருக்கிறது, நான் இல்லை என்று. போலீஸ்காரர் சிரிப்பை மறைக்க வேனின் பின்பக்கமாய்ப் போய் நின்றுகொண்டார்.

கோவித்துக்கொண்ட ஒயின்

நினோவின் சரக்கு வந்து சேர்ந்தது அதைவிடக் கொடுமையான வெயிலில். துறைமுகத்தில் கன்டெய்னர் காத்துக் கிடந்திருக்கிறது. ஆசையாக ஒரு பாட்டிலைத் திறந்தோம். எலிக்கூண்டைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை. இன்னொன்றைத் திறந்தோம், அதுவும் அப்படியே. சாவியோ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "முடிஞ்சது. எல்லாத்தையும் கொட்டிரு."

நினோவுக்கு போன் போட்டேன். அவள் பதறவில்லை. "கந்தகம் போட்ட ஒயின் தூங்கிக்கொண்டே பயணம் செய்யும். இது முழித்துக்கொண்டு வந்திருக்கிறது. கோபமாக இருக்கிறது. குளிரான, இருட்டான இடத்தில் நிற்கவைத்துவிட்டு மறந்துவிடுங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு அடிக்கடி திறக்காதீர்கள்" என்றாள். போனை வைத்துவிட்டு சாவியோவிடம் சீஸ் வைக்கும் குளிர் அறையில் ஒரு மூலை கேட்டேன். "ஒயினுக்குக் கோபமாம், நாம மூலை கொடுக்கணுமாம்" என்று முணுமுணுத்தார். எனக்கோ துபாய் வந்த புதிதில், ரூமில் எல்லாரும் சாப்பிடக் கூப்பிட, நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அவருக்கும் ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் வந்தப்போ மூணு மாசம் யார்கிட்டயும் சரியாப் பேசல மேன். எனக்கு யாரும் சீஸ் ரூம் கொடுக்கல."

ஷார்ஜாவுக்குப் போகாத பாட்டில்

பத்தாவது வரை தமிழில் படித்து, அப்புறம் இங்கிலீஷுக்கு மாறியவன் நான். இரண்டு மொழியிலும் ஒயின் வர்ணனை எனக்குப் பிடிபடவில்லை. லேபிளில் 'காட்டுத் தரை', 'ஈரக் கல்', 'சேணம்' என்று எழுதியிருக்கும். குதிரையின் சேணத்தை முகர்ந்து பார்த்தவன் எங்கள் தெருவிலேயே கிடையாது. குடும்பத்தோடு நான் இருந்ததோ ஷார்ஜாவில். துபாயில் வேலை செய்து ஷார்ஜாவில் குடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தன். அங்கே மது அறவே கூடாது. ஒரு பாட்டில்கூட எல்லை தாண்டக் கூடாது. அதனால் நான் விற்கிற பொருள் எப்படி இருக்கும் என்று என் மனைவி செல்விக்குத் தெரியாது. வீட்டுக்கு நான் கொண்டுபோக முடிந்தது பேச்சு மட்டும்தான்.

"இன்னிக்கு என்ன திறந்தீங்க?" என்று மாவாட்டிக்கொண்டே கேட்பாள். சொல்லத் தெரியாமல் திணறுவேன். அவள் எடுத்துக் கொடுப்பாள். "புளிப்புன்னா எந்தப் புளிப்பு? புதுப்புளியா, பழைய புளியா? மோரா, மாங்காயா?" அப்படிப் பேசிப் பேசி, நினோவின் சாம்பிளில் நான் ருசித்ததை வைத்து அந்த ஒயினுக்கு ஒரு முடிவுக்கு வந்தோம். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியில் கடைசியாக மிஞ்சும் சாறு, கூடவே ஆறிப்போன டீ, நாக்கின் ஓரத்தில் ஊறவைத்த வெந்தயம். சொட்டுக்கூடக் குடிக்காமல் சொன்னாள்.

மறுநாள் முதல் கடையில் எந்த ஒயினுக்கும் செல்வி சொல்வதையே சொன்னேன். வாரம் தவறாமல் வரும் இங்கிலீஷ்கார ஸ்கூல் டீச்சர் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் புதுச் சரக்கு ஒன்றுக்கு லேபிளைப் படித்துக் காட்டப் போனேன். கையால் தடுத்துவிட்டாள். "அதெல்லாம் வேண்டாம். உன் மனைவி என்ன சொன்னாள், அதை மட்டும் சொல்."

தெளிந்துபோன குற்றம்

வெயில் தணிந்து ஜன்னலைத் திறந்து வைக்கிற காலம் வந்தது. வருஷக் கடைசியும் வந்தது. சாவியோ நினைவுபடுத்தவில்லை, காலண்டரை மட்டும் ஒரு தடவை பார்த்தார். சீஸ் அறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து திறந்தேன். எலிக்கூண்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. செல்வி சொன்ன நார்த்தங்காய் வந்து உட்கார்ந்திருந்தது. சாவியோ முதல் கிளாஸை முடித்துவிட்டு, இரண்டாவதற்கு நீட்டினார்.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்திருந்தது. மாதக்கணக்கில் அசையாமல் நின்றதில் மண்டியெல்லாம் அடியில் படிந்து, ஒயின் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது. அலமாரியில் அடுக்கிய அன்றே வேளச்சேரி சார் வந்தார். தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்ன சார், ஃபில்டர் பண்ணிட்டீங்களா?" இல்லை என்றேன், தானாகத் தெளிந்தது என்றேன். நம்பவில்லை. கலங்கல்தான் அசல் என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே! அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கை வைத்த பாட்டிலைத் திரும்ப வைத்தார்கள். எனக்கு அழுகை வராத குறை. அட்டைப்பெட்டி இறக்க வந்த முத்துப்பாண்டி நிலைமையைப் பார்த்தான். ஒரு பாட்டிலை எடுத்து, இருமல் டானிக் மாதிரி மேலும் கீழுமாக நாலு குலுக்குக் குலுக்கி, வேளச்சேரி சாரிடம் நீட்டினான்: "இந்தாங்க சார், கலங்கலு. நாங்க மருந்து கம்பெனி சார், குலுக்காமக் குடுக்கவே மாட்டோம்."

லேவன் வந்த காரணம்

அந்த மாதமே ஓர் ஓட்டலின் மொட்டைமாடித் தோட்டத்தில் ருசி பார்க்கும் விருந்து வைத்தோம். நினோவோடு லேவனும் வந்திருந்தான். நாட்டை விட்டு வெளியே வருவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. செல்வியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். "கல்லுப்பு ஒண்ணு கொறையுது. மத்தபடி நான் சொன்னது சரிதான்" என்று கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓட்டல் செஃப் நினோவின் மேஜையை விட்டு நகரவே இல்லை. விருந்து முடிவதற்குள் அலமாரியில் மிஞ்சியதை மொத்தமாகக் கேட்டுவிட்டார். சாவியோ நினோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது ஆர்டர்.

லேவன் மட்டும் ஓரமாக நின்றான். குடிக்கவில்லை, சிரிக்கவில்லை. முத்துப்பாண்டியிடம் வேன் வெடித்த கதையைச் சைகையில் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். வாக்கில் மாட்டிக்கொண்ட வருத்தமோ என்று நினைத்தேன். உடைந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னான். கம்பெனி தரும் பணம் அவனுக்குப் பெரிதில்லையாம். ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் உள்ளே இறங்கிப் பேசுவாள். நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவாள். அந்த ஒரு கணத்தில் இவனுக்கு உயிர் போய் வரும். தோட்டம் இல்லாவிட்டால் தாழியும் இல்லையே என்றுதான் விற்கச் சொன்னானாம். அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. "சரி, இனி என்ன செய்வீர்கள்?" என்றேன். மேஜையருகே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தபடி சொன்னான்: "இந்த வசந்தத்தில் நான் இறங்குகிறேன். அவள் வெளியே நிற்கட்டும். ஆனால் உள்ளே பேசிக்கொண்டே இருக்க வேண்டுமே, எனக்குப் பேச ஒன்றுமே கிடையாது. அதற்குத்தான் இங்கே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

போனில் வந்த தாழி

மார்ச் வாக்கில் நினோ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். கடையில் நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்று கேட்டோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஓர் ஆண்குரல், புரியாத மொழியில், தாழிச் சுவரைத் தேய்க்கும் சத்தத்தோடு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே 'டம், டம்' என்று அந்தக் குரலே சொல்லியது. முத்துப்பாண்டி துள்ளிக் குதித்தான். "நம்ம வேன்ணே!" கடைசியில் 'காடி பியா' என்பது மட்டும் எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு நினோவின் குரல் பக்கத்தில் வந்தது, சிரிப்பிலா அழுகையிலா என்று தெரியாத தடுமாற்றத்தோடு: "காலையிலிருந்து இதே கதைதான். போதும் நிறுத்து என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்!"

இப்போது சின்னமனூரில், துபாய் போய் வந்தவன் ஏன் இப்படி யாரோடும் கலக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்க வருகிறவர்களிடமும், ஜூஸ் கம்பெனியின் முன்னாள் சூப்பர்வைசர் என்ற முறையில் நான் சொல்ல முடிவது இதுதான்: கடல் தாண்டி வந்த சரக்கு, குளிர்ச்சியான இடத்தில் கொஞ்ச நாள் சும்மா விடுங்கள், அதுவரை கலங்கலாகத்தான் இருக்கும், சார்.